மீட்டர் ஒன்று சொல்ல, பிளக் வேறொன்று சொன்னது

என் பழைய கார்புரேட்டர் காருக்கு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் (புகைக்குழாயில் இருந்துகொண்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று மீட்டரில் காட்டும் கருவி) மாட்டிய நாளிலிருந்து நிம்மதி போனது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, மீட்டர் 17-ஐத் தாண்டிக் காட்டியது. எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பதுதான் முழுதாக எரியும் கணக்கு. சரி, பெட்ரோல் போதவில்லை என்று, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று எனத் தளர்த்திக்கொண்டே போனேன். எண் இறங்கவே இல்லை.

வேக்கம் லீக்கா, அதாவது இன்ஜினுக்குள் வேறு வழியாகக் காற்று நுழைகிறதா என்று கார்புரேட்டரின் அடியிலும் இன்டேக் மேனிஃபோல்டு (கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் குழாய்) ஓரத்திலும் கார்புரேட்டர் கிளீனர் அடித்தேன் (இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்; தீப்பிடிக்கும் சரக்கு அது). லீக் இருந்தால் அதை உறிஞ்சி இன்ஜின் ஓட்டம் மாறும். மாற்றமில்லை.

அப்புறம்தான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டும். நான்கிலும் கரி, தொட்டால் விரலில் மை போல் ஒட்டியது. பெட்ரோல் குறைந்தால் பிளக் வெளுக்கும், இப்படிக் கறுக்காது.

அந்த சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜன்தான் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எண் 12-க்கு இறங்கியதும் உறைத்தது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிக் காது கொடுத்தேன். இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் ‘டிக் டிக்’ என்று கசிவுச் சத்தம். அதன் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஒரு மூலையில் கருகி ஓட்டையாகியிருந்தது. ஐடிலிங்கில் புகை விட்டு விட்டு வரும் இடைவெளியில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது.

கேஸ்கெட்டை மாற்றி, ஸ்க்ரூவைப் பழைய ஒன்றரைச் சுற்றுக்குக் கொண்டுவந்தேன். ஐடிலிங்கில் இப்போது 13.5. துடைத்துப் போட்ட பிளக்குகள், இருக்க வேண்டியபடி, பழுப்பாகிவிட்டன.