கடற்காற்றில் கைக்கருவிகள் துருப்பிடிக்காமல் இருக்க

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் கருவிகளுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் எண்ணெய் பூசினாலும் அடியில் துரு ஓடும். அதனால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரம் போக்கி, பிறகு மெஷின் ஆயில் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் காறிப்போய்த் தூசியைப் பிடிக்கும்.

மாட்டி வைக்க 12 மி.மீ. பிளைவுட் போதும். சுவரோடு ஒட்டி அடிக்காதீர்கள். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. சுவர் ஓதம் பலகைக்கு ஏறிவிடும். பின்னால் 1 அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) வைத்துக் காற்றோட இடம் விடுங்கள். கொக்கியும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

ஸ்பானர், சுத்தியல், கட்டிங் பிளேயர் பலகையில் தொங்கலாம். உளி, இழைப்புளி, ரம்பம் தொங்க வேண்டாம். எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இழைப்புளியின் வாயில் மரச்சுருள் தங்கினால் அலகு அங்கேதான் முதலில் அரிக்கும். பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டு உள்ளே வையுங்கள்.