செஞ்சிக் கோட்டையை இரண்டு நாளில் முழுமையாகப் பார்ப்பது எப்படி?

செஞ்சிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் ராஜகிரியில் ஏறி, உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இறங்கிய கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மலை ஏறிய நிறைவு அவர்களுக்குக் கிடைக்கிறது, ஆனால் கோட்டை பிடிபடுவதில்லை. செஞ்சி என்பது ஒரு மலைமேல் கட்டிய ஒரே கோட்டையன்று. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் ஏறத்தாழ 13 கி.மீ. நீள மதிலால் இணைத்து, உள்ளே ஒரு நகரத்தையே வைத்துக் காத்த அரண் அது. மராத்தியர் காலத்து இராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான். முதன்முறையாகச் செல்பவர்கள், வழிகாட்டி ஒருவரின் துணையோடு, ஒரு சனி ஞாயிறில் இதை முறையாகப் பார்த்து முடிப்பதற்கான செய்முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சி இருக்கிறது என்பதற்கு மேல் பேருந்து விவரங்களுக்குள் நான் செல்லவில்லை.

படி 1: நாளைக் குறித்தல்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வாரங்களே இதற்கு ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் கருங்கல் பாறைகள் காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், ஏனெனில் தேய்ந்த படிகள் வழுக்கும்.

நாள்காட்டியில் பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் பக்கமிருந்து கிரிவலத்துக்குச் செல்லும் கூட்டம் செஞ்சி வழியாகவே திருவண்ணாமலைக்குப் போகும். அந்த நாள்களில் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது, இரண்டு ஊரிலும் தங்கும் அறை கிடைக்காது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தங்குவதற்குத் திருவண்ணாமலையில் வசதி அதிகம் என்றாலும், நான் செஞ்சியிலேயே எளிய விடுதி ஒன்றில் தங்குவதைத்தான் பரிந்துரைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

படி 2: வழிகாட்டியைப் பேசி வைத்தல்

வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகவே, தங்கும் விடுதியின் வழியாகவோ சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்றவர்களைக் கேட்டோ ஒருவரைப் பேசி வையுங்கள். பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, முகலாயர்களுக்கு இக்கோட்டையைப் பிடிக்க ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின? இரண்டாவது, பிரெஞ்சுக்காரர்களால் மட்டும் அதை எப்படி ஒரே இரவில் பிடிக்க முடிந்தது? சிவாஜி 1677இல் கைப்பற்றி வலுப்படுத்திய இந்தக் கோட்டைக்குள் அவருடைய மகன் ராஜாராம் வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை வீழ்ந்தது 1698இல்தான், அதற்குள் ராஜாராமும் தப்பிவிட்டார். ஆனால் 1750இல் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, தோற்று ஓடிவந்த எதிரிப் படையைத் துரத்திக்கொண்டே வந்து, வாசலைத் தகர்த்து, விடிவதற்குள் மலைமேல் இருந்த அரண்களையும் பிடித்துவிட்டது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் மதில்களையும் வாசல்களையும் காட்டி விளக்கக்கூடியவர் உங்களுக்கு ஏற்ற வழிகாட்டி. தேசிங்கு ராஜனின் குதிரைக் கதையை மட்டும் சொல்பவர் என்றால், வேறொருவரைத் தேடுங்கள்.

தேசிங்கின் கதையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714இல் மடிந்த அந்த இளைஞனை, நாட்டுப்புறப் பாடகர்கள் முந்நூறு ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவன் இக்கோட்டையை ஆண்டது ஓராண்டுக்கும் குறைவான காலமே. கோன்கள், விசயநகரத்தார், நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் கைமாறிய இடத்தை ஒருவனின் கதைக்குள் அடக்கிவிடக் கூடாது.

படி 3: பையில் வைக்க வேண்டியவை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், ஏனெனில் மேலே கடை ஏதும் கிடையாது. தண்ணீரை எவர்சில்வர் குடுவையில் ஊற்றிக்கொள்ளுங்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலும் பாலித்தீன் பையும் தின்பண்டத்தின் அடையாளம், கையில் பார்த்தால் பிடுங்காமல் விடா. தோளில் மாட்டும் பை முழுவதும் ஜிப் வைத்ததாக இருக்கட்டும். துணிப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் படம் எடுக்கத் திரும்பினால் அது காணாமல் போகும்.

காலுக்குப் பிடிமானம் உள்ள காலணி போதும், விலையுயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை. எனக்குப் பிடித்த கருவி இருகண் தொலைநோக்கி. மதில் எந்தப் பாறையில் தொடங்கி எந்தப் பாறையில் மறைகிறது என்பதை உச்சியிலிருந்து பின்தொடர அதைப்போல் உதவும் வேறெதுவும் இல்லை. டிரோன் கொண்டுவர வேண்டாம். தொல்லியல் துறையின் இடங்களில் முன் அனுமதியின்றி அதைப் பறக்கவிட முடியாது, முக்காலிக்கும் அப்படியே. கோட்டையின் நில வரைபடம் ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசித் திரை நண்பகல் வெயிலில் தெரியாது.

படி 4: சனிக்கிழமை பிற்பகல், கிருஷ்ணகிரி

வந்தவுடன் ராஜகிரிக்குப் போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். முதலில் கிருஷ்ணகிரிக்குச் செல்லுங்கள். திருவண்ணாமலைச் சாலைக்கு வடக்கே, சாலையிலிருந்து சிறிது தூரத்தில் அதன் அடிவாரம் இருக்கிறது. உயரம் குறைவு, படிகள் ஒழுங்கானவை, பழக்கமில்லாதவர்களும் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். இரண்டு மணிவாக்கில் ஏறத் தொடங்கினால் ஐந்து மணிக்குள் நிதானமாக இறங்கிவிடலாம்.

மேலே களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் சேமித்து வைத்த குழிகளும் இருக்கின்றன. வழிகாட்டி அவற்றைக் காட்டும்போது விளிம்பிலிருந்து எட்டிப் பாருங்கள். செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பைப் பூசி, உட்சுவரை வழவழப்பாக்கியிருப்பது தெரியும். முற்றுகைக் காலத்தில் தண்ணீருக்கு மலைச்சுனை இருந்தது. விளக்குக்கும் சமையலுக்கும் வேண்டிய எண்ணெயை மட்டும் கீழிருந்து சுமந்து வந்து நிரப்பித்தான் வைக்க வேண்டும். எதிரி அடிவாரத்தில் வந்து அமர்வதற்கு முன்பே இந்த மலை தன்னை நிரப்பிக்கொண்டிருந்தது என்பது அந்தப் பூச்சைப் பார்க்கும்போது புரியும்.

அங்கிருந்து சிறிது தள்ளி, குவிமாடம் கவிந்த கொலுமண்டபம் ஒன்று நாற்புறமும் வளைவுகளோடு நிற்கிறது. உள்ளே அமர்ந்தால் காற்று நிற்காமல் வீசும். அங்கே அமர்ந்துதான் வரைபடத்தை விரிக்க வேண்டும். தெற்கே பார்த்தால் ராஜகிரியின் முழு உருவமும், அதன் உச்சி மற்ற பாறையிலிருந்து பிளந்து தனியே நிற்பதும், கீழே சமவெளியில் கல்யாண மகாலின் கோபுரமும், அதற்கப்பால் சந்திரகிரியும் தெரியும். மதில் எங்கே எழுகிறது, எங்கே பாறையே மதிலாகிவிடுகிறது என்பதைத் தொலைநோக்கியால் தடம்பிடியுங்கள். மறுநாள் ராஜகிரியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது இந்த அரை மணி நேரத்தினால்தான் விளங்கும். கிருஷ்ணகிரியை முதலில் வைத்ததற்கு இதுவே காரணம்.

நுழைவுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

படி 5: ஞாயிறு காலை, ராஜகிரி

பலருடைய பயணம் கெடுவது இந்தப் படியில்தான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். கோட்டை மாலை வரை திறந்திருக்கும் என்பதை வைத்து, ராஜகிரிக்கும் மாலை வரை ஏறலாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இருட்டுவதற்குள் அனைவரும் இறங்க வேண்டும் என்பதற்காக, பிற்பகலிலேயே மேலே ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, கீழே உள்ள கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு மலையடிக்கு வருபவர்கள் அங்கேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காவலரிடம் கெஞ்சுவதில் பயன் இல்லை, அவர் செய்வது சரியும்கூட. எனவே கீழ்க்கோட்டையின் அழகான கட்டடங்கள் வழியில் எவ்வளவு ஈர்த்தாலும் நிற்காமல் நேராக மலையடிக்குச் செல்லுங்கள். அவற்றை இறங்கிவந்து பார்த்துக்கொள்ளலாம்.

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். ஏற ஒன்றேகால் மணி நேரம், மேலே ஒரு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மர நிழல் இருக்கும். காவல் தெய்வமான கமலக்கண்ணி அம்மனின் கோயில் வழியில் வரும், அங்கே அமர்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு படிகள் செங்குத்தாகி, நிழலும் குறைந்துவிடும். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்தொடர்வதே நல்லது. வேகமாக ஏறுபவர்கள் முன்னே சென்றுவிட்டால் வழிகாட்டி எந்தப் பக்கமும் இல்லாமல் அல்லாடுவார்.

உச்சியை நெருங்கும்போது பாதை திடீரென்று நின்றுவிடும். எதிரே ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும், அதைத் தாண்டினால்தான் மேல் அரண். இப்போது நிலையான பாலம் இருக்கிறது. அக்காலத்தில் வேண்டும்போது விலக்கிக்கொள்ளக்கூடிய மரப்பாலமே இருந்தது. பாலத்தைக் கடந்ததும் குறுகிய வாசல் ஒன்று வரும். பாலத்தின் நடுவில் நின்று அந்த வாசலைப் பாருங்கள், பிறகு வாசலில் நின்று பாலத்தைப் பாருங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்கள் அங்கே நின்றால், கீழே எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். சுல்பிகர் கானின் எட்டு ஆண்டுகளுக்கு விளக்கம் அந்த இடத்தில் கிடைக்கும். அங்கே கூட்டமாக நின்று படம் எடுக்காதீர்கள், பின்னால் வருபவர்களுக்கு ஒதுங்க இடமில்லை.

மேலே ரங்கநாதர் கோயிலும், மணிக்கூண்டும், களஞ்சியமும், பீரங்கி ஒன்றும் இருக்கின்றன. கட்டடங்களை விரைவாகப் பார்த்துவிட்டு, நேற்று அமர்ந்திருந்த கிருஷ்ணகிரி மண்டபத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மூன்று மலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி அமைந்திருப்பது அப்போது தெரியும்.

படி 6: கீழ்க்கோட்டை

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான பயன் இங்கேதான். மலைப்பாதையில் வழிதவற வாய்ப்பில்லை. கீழேயோ, பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. கல்யாண மகால் சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக எழும் கோபுரம். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே அறையும் அதைச் சுற்றி வளைவுகள் கொண்ட தாழ்வாரமும் இருக்கின்றன. அருகில் ஆனைக்குளம், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், உயர்ந்த வளைவுக் கூரை கொண்ட களஞ்சியங்கள் ஆகியவை உள்ளன. களஞ்சியத்துக்குள் சென்று சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள்.

அடுத்து வேங்கடரமணர் கோயில். அதன் உயரமான ஒற்றைக்கல் தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துச் சென்றார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். தூண்களின் மேல் ஓடும் கொடிச் சிற்பங்களைப் புதுச்சேரியில் பார்த்து வியந்தவர்கள், அவை நின்றிருந்த இடத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். சாதத்துல்லா கானின் பள்ளிவாசலும் இதே மதிலுக்குள் இருக்கிறது.

கடைசியாகச் செட்டிகுளம், சக்கரகுளம் பக்கம் செல்லுங்கள். தேசிங்கை எரியூட்டியதாகச் சொல்லப்படும் கரை அங்கே உள்ளது. அதற்கருகே பெரும் பாறை ஒன்றின் நடுவே இயற்கையாக அமைந்த குழியும், அதன் விளிம்பில் எழுப்பிய செங்கல் சுவரும் இருக்கின்றன. மரண தண்டனை பெற்ற கைதிகளை அதற்குள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்று கூறுவார்கள். பாறைமேல் ஏறாமல் கீழிருந்தே பாருங்கள்.

பின்சேர்க்கை

இந்தக் குறிப்பைப் பின்பற்றிச் சென்று வந்தவர்கள் எழுதியதிலிருந்து மூன்று சேர்க்கைகள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் சென்ற குடும்பம் ஒன்று, ஞாயிறு காலையில் அவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தது. அவர்களுக்காக ஆறாம் படியை முதலில் வைத்துக்கொள்ளலாம். கீழ்க்கோட்டை பெரும்பாலும் சமதளம். வழிகாட்டியை அவர்களோடு விட்டுவிட்டு, மற்றவர்கள் ராஜகிரிக்குத் தாமாகவே சென்று வரலாம்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, அருகிலுள்ள சிங்கவரத்தைச் சொல்வேன். பாறையைக் குடைந்த கருவறையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் இருக்கிறார். பக்கத்திலேயே திருநாதர்குன்றில் சமண சமயத்தின் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மலையான சந்திரகிரிக்கு ஏறலாமா என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. அங்கே மற்ற இரண்டு மலைகளைப் போலப் பராமரிக்கப்பட்ட பாதை இல்லை, முட்புதர் மண்டிக் கிடக்கிறது. கோட்டை அலுவலகத்தில் கேட்டு, அனுமதித்தால் மட்டும், வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடு செல்லுங்கள். முதல் பயணத்தில் அதைக் கிருஷ்ணகிரியிலிருந்து தொலைநோக்கியால் பார்த்துக்கொள்வது போதும்.