மோனாட் எனக்குப் புரிந்த விதம்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியபோது என்னைத் தடுத்து நிறுத்தியது நிரல் அல்ல, ‘மோனாட்’ என்ற சொல். அதற்குப் பொருள் தேடினால் ‘எண்டோஃபங்க்டர்’, அதற்குத் தேடினால் ‘கேட்டகரி’ என்று ஒரு கணிதச் சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு மாதங்கள் அலைந்தேன்.

பிறகு விளக்கங்களை மூடிவைத்துவிட்டு, அலுவலகத்தில் உண்மையாகவே தேவைப்பட்ட ஒன்றை எழுதினேன். வாடிக்கையாளர் எண்ணிலிருந்து முகவரியையும், முகவரியிலிருந்து கிளையையும், கிளையிலிருந்து தொலைபேசி எண்ணையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தேடலும் ‘ஜஸ்ட்’ என்று மதிப்பைத் தரலாம், அல்லது ‘நத்திங்’ என்று வெறுங்கையோடு திரும்பலாம். வந்தது எது என்று பார்த்து வழி பிரிக்கும் ‘கேஸ்’ அமைப்பை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று முறை எழுதியதில் நிரல் வலப்புறமாக நகர்ந்துகொண்டே போனது; மூன்றிலும் ‘நத்திங் வந்தால் நத்திங்’ என்ற அதே வரி. மதிப்பு இருந்தால் அடுத்த செயற்கூறிடம் கொடு, இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்து என்பதை மட்டும் தனியே பிரித்து, ‘பிறகு’ என்று அதற்குப் பெயரிட்டேன். மூன்று தேடல்களும் ஒரே வரியில் அடங்கின.

அது எதை வாங்கி எதைத் தருகிறது என்று சொல்லும் வகைக் குறிப்பைப் பார்த்தபோது திகைத்துப்போனேன்: ‘ஜஸ்ட்’, ‘நத்திங்’ இரண்டில் ஒன்றாக வரும் ‘மேபீ’ வகைக்கு மொழியிலேயே இருக்கும் ‘பைண்ட்’ செயற்குறியை நானே எழுதியிருந்தேன்.

1989-இல் கணினி அறிவியலாளர் யூஜினியோ மொக்கி நிரல்களின் பொருளை ஆராயக் கணிதத்திலிருந்து எடுத்தாண்டு, மற்றோர் ஆராய்ச்சியாளரான பிலிப் வாட்லர் வழியாக ஹாஸ்கெல்லுக்கு வந்த மோனாட் என்ற கருத்தின் மையம் இப்படிக் கோப்பதுதான். ஆராய்ச்சியாளருக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே. கற்பவரிடம் அதை முதலில் நீட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு இப்போது அந்த மூன்று ‘கேஸ்’களைத்தான் முதலில் கொடுக்கிறேன், பெயரை மறுநாள் சொல்கிறேன்.