ஐடி வேலையை விடும் முன்: சிங்கப்பூரில் பலர் தவறவிடும் கணக்குகள்

பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுவது பெரிய தவறு. முன்கூட்டியே போடுகிறவர்களும் கைக்கு வரும் சம்பளத்தோடு நின்றுவிடுகிறார்கள். சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கும் மத்திய சேம நிதி (மசேநி) நினைவுக்கு வருவதில்லை.

வயது 38, மாதச் சம்பளம் 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2026 முதல் மசேநி சந்தா, சம்பளத்தில் முதல் 8,000 வெள்ளிக்குத்தான். ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 1,600 வெள்ளி, கைக்கு 8,400. முதலாளி பங்கும் சேர்ந்து, வீட்டுக் கடன் கட்டப் பயன்படும் மசேநி சாதாரணக் கணக்கில் 21 விழுக்காடு, அதாவது 1,680 வெள்ளி விழும். வீட்டுக் கடன் தவணை 1,600 வெள்ளி என்றால் அங்கேயே கழிந்துவிடும். கையிலிருந்து காசு போகாததால் வீட்டுக்குச் செலவே இல்லை என்ற நினைப்பு.

இதே ஆள் 4,500 வெள்ளிக்கு ஓர் அறநிறுவனத்தில் சேர்ந்தால் கைக்கு 3,600. சாதாரணக் கணக்குக்கு 945. பழைய இருப்பு தீர்ந்ததும் தவணையில் குறையும் 655 வெள்ளியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். மிஞ்சுவது 2,945. சொந்தத் தொழில் என்றால் சாதாரணக் கணக்குக்குக் கட்டாயச் சந்தாவே கிடையாது. முழுத் தவணையும் கையை விட்டுத்தான். பழைய வேலையில் இருக்கும்போதே மூன்று மாதம் 2,945 வெள்ளியில் குடும்பத்தை ஓட்டிப் பாருங்கள். அதில் பள்ளி விடுமுறை மாதம் ஒன்று இருப்பது நல்லது, செலவின் உண்மை முகம் அப்போதுதான் தெரியும்.

பிறகு வரி. இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை; சென்ற ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு கட்டுகிறோம். கழிவுகள் போக 120,000 வெள்ளி வரிக்குரிய வருமானம் என்றால் வரி 7,950 வெள்ளி. டிசம்பரில் வேலையை விட்டவர், புதிய சின்னச் சம்பளத்திலிருந்துதான் இதைக் கட்டியாக வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் 12 தவணையாகப் பிரித்தாலும் மாதம் 660 வெள்ளிக்கு மேல். இந்தத் தொகையை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டுக் கடனை மறுநிதியாக்கம் செய்ய, அதாவது வேறு கடனுக்கு மாற்ற நினைத்தால் பழைய சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடியுங்கள். நிலையற்ற வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கணக்கிடும். மருத்துவக் காப்புறுதியும் அப்படியே: நிறுவனக் காப்புறுதி வேலையோடு போய்விடும். அடிப்படைத் தேசியக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் திட்டம் வேண்டுமென்றால், உடம்புக்கு ஏதும் வருமுன் வாங்குங்கள்.

வேலையை விட்டு, படித்து, பிறகு வேலை தேடுவது இன்னொரு தவறு. அரசாங்கத்தின் தொழில் மாற்றுத் திட்டங்களில் முதலில் ஒரு முதலாளி உங்களை எடுக்க வேண்டும். பயிற்சி அதன் பிறகு. முழுநேரப் படிப்புதான் வேண்டுமென்றால், தேர்ந்தெடுத்த சில படிப்புகளுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிப்படி உண்டு: சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, அதிகபட்சம் 24 மாதம். ஆனால் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மட்டும். முப்பத்தொன்பதரை வயதில் அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் கதை வேறு. பாஸ் முதலாளியோடு கட்டுண்டது. ரத்தானால் பொதுவாக 30 நாள் வருகை அனுமதிதான். 2025 முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் உயரும். ஆகவே அந்த 4,500 வெள்ளி வேலை பேச்சுக்கே இடமில்லை. வரிப் பாக்கியைத் தீர்க்கும் நடைமுறை முடியும்வரை கடைசிச் சம்பளத்தையும் நிறுவனம் பிடித்து வைக்கும், அதை நம்பி விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

கடைசியாக, புதிய வேலையின் சலிப்பான பகுதியைப் பார்க்காமல் குதிப்பது. பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசையா? இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவின் கல்வித் திட்டங்களில் ஆறு மாதம் தொண்டூழியராக இருங்கள். கற்பிப்பது பிடிக்கும் என்பது ஒன்று, வெள்ளிக்கிழமை இரவு இருபத்தைந்து பயிற்சித் தாள்களைத் திருத்துவது பிடிக்கும் என்பது வேறொன்று. காசு வாங்கிக்கொண்டு செய்வதானால், இப்போதைய வேலை ஒப்பந்தத்தில் பக்க வேலை பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.