ரிக்விர் போகிறீர்களா? ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்

பிரான்சின் கிழக்கு ஓரம், ஆல்சாஸ் பகுதி. கோல்மார் நகரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ரிக்விர். மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர். நேராக நடந்தால் பத்து நிமிடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். அதனால்தான் பலரும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நாலு படம் எடுத்து, ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாவது தடவை போனபோதுதான் ஊர் பிடிபட்டது. அந்த இரண்டாவது தடவையை உங்களுக்கு முதல் தடவையாக்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: போய்ச் சேருவது

பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து கோல்மாருக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஸ்ட்ராஸ்பூரில் தங்கியிருந்தால் உள்ளூர் ரயிலே போதும், அரை மணிதான். கோல்மாரிலிருந்து ரிக்விருக்குப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள், வார நாளில் போங்கள். காரில் போனால் மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். அழகுதான், ஆனால் தேர்த்திருவிழாக் கூட்டம். வீடுகளை நின்று பார்க்க முடியாது. மே அல்லது செப்டம்பர் என் தேர்வு. காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் தெரு உங்களுடையது.

படி 2: முதலில் நிற்காமல் மேலே ஏறுங்கள்

ஊர் மன்றக் கட்டடத்தின் வளைவுக்குள் நுழைந்தால் முக்கியத் தெரு லேசான ஏற்றமாக மேலே போகும். கடைகள் கூப்பிடும். இப்போதைக்கு வேண்டாம். தேங்காய் மாக்கரூன் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லி நீட்டுவார்கள், அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். தென்னையே இல்லாத ஊரில் தேங்காய்ப் பலகாரம் எப்படி இவ்வளவு பிரபலம் ஆனதோ!

தெருவின் உச்சியில் டோல்டர் கோபுரம். 1291-இல் கட்டிய காவல் கோபுரம், சுமார் 25 மீட்டர் உயரம். இதைக் கடந்து வெளியே போய்த் திரும்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் முரட்டுக் கல். ஊர்ப் பக்கமோ அடுக்கடுக்காக மரச்சட்டமும் ஜன்னலுமாக ஒரு வீட்டைப் போல இருக்கும். எதிரிக்கு ஒரு முகம், ஊர்க்காரர்களுக்கு ஒரு முகம். உள்ளே சிறிய அருங்காட்சியகம் உண்டு, வருடம் முழுக்கத் திறந்திருக்காது.

படி 3: இப்போது இறங்குங்கள், தலையை நிமிர்த்தி

கடைகள் எல்லாம் தரைத்தளத்தில். பார்க்க வேண்டியது அதற்கு மேலே. தரைத்தளம் கல், மேல் தளங்கள் மரச்சட்டம். ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிடக் கொஞ்சம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு வரும். மதிலுக்குள் மனை நெருக்கடி, கிடைத்த இடத்தை வானத்தில் பிடித்தார்கள். ஆணி அடிக்காமல் மரத்தில் மரத்தைச் செருகிக் கட்டியவை என்பதால், அந்தக் காலத்தில் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றி வேறிடத்தில் நிறுத்தவும் முடிந்தது.

மறுமலர்ச்சிக் காலத்தின் அடையாளங்கள் மூன்றைத் தேடுங்கள். மூலையிலோ முகப்பிலோ கூண்டுபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரியல் ஜன்னல். சங்கைப் போலச் சுருள் சுருளாக முடியும் முகப்பு உச்சி. முற்றத்தில் சுழல் படிக்கட்டு. கிரீடத் தெருவில் இருக்கும் டிஸ்லர் வீடு (1610) இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழுக்கக் கல்லாலான அந்த முகப்பு, மர வீடுகளுக்கு நடுவே பட்டு வேட்டி கட்டிய சம்பந்தியைப் போல நிற்கும்.

படி 4: நிலைக்கல்லை வாசியுங்கள்

இதுதான் முக்கியமான படி. வாசல் வளைவின் உச்சிக்கல்லில் கட்டிய ஆண்டைச் செதுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு கேடயம், அதன் ஒரு பக்கம் 15, மறுபக்கம் 74 என்று எண் பிரிந்தும் இருக்கலாம். அவசரமாகப் பார்த்தால் தப்பிவிடும். கேடயத்துக்குள் தொழில் சின்னம்: கொடி கவாத்து செய்யும் வளைகத்தி என்றால் திராட்சை விவசாயி, பீப்பாயும் சுத்தியலும் என்றால் பீப்பாய் செய்பவர்.

மான் தெருவில் கீனர் வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். 1574. வாசலுக்கு மேலே புடைப்புச் சிற்பத்தில் சாவு, வீட்டைக் கட்டியவரைப் பிடித்து இழுக்கிறது. புது வீட்டு வாசலில் எமனை வைக்க நம் ஊரில் யாருக்கும் மனசு வராது! அதே வாசலில் இன்னொன்றையும் கவனியுங்கள்: வளைவு நேராக இல்லை, சாய்வாக வெட்டியிருக்கிறது. குறுகலான தெருவில் மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ சுலபமாகத் திரும்பி உள்ளே நுழைவதற்காக.

இப்படிப் பார்க்கிற ஆண்டுகளை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் இருந்தவை: லீப்ரிக் வீடு 1535, ஊர்ப் பிரபுக்களின் மாளிகை 1540, வணிகர் தோபி பெர்ஜே வீடு 1551, கீனர் 1574, சின் நீரூற்று 1580, இரியோன் வீடு 1606, டிஸ்லர் 1610, பிராவர் வீடு 1618. அதற்கப்புறம்? நேராக 1683, 1686.

அறுபது வருட இடைவெளியை முதலில் நான் தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகு உறைத்தது: ஐரோப்பாவையே உலுக்கிய முப்பதாண்டுப் போர் தொடங்கியது 1618-இல். அப்போது ஊர் ஜெர்மானிய வூர்ட்டெம்பெர்க் பிரபுக்களின் கையில், 1324 முதலே. ரைன் நதி வழியாக ஒயின் விற்ற காசு கல்லாகவும் செதுக்கு வேலையாகவும் வாசலில் ஏறியது. போர் வந்ததும் உளி நின்றுபோனது. போர் முடிந்த 1648-க்குப் பிறகு ஆல்சாஸில் பிரெஞ்சு அரசரின் கை ஓங்கியது. பிரபுக்கள் மட்டும் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை ரிக்விரை விடவில்லை. இவ்வளவும் வாசல் எண்களிலேயே இருக்கிறது, வழிகாட்டிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

படி 5: முற்றங்கள்

பாதிப் பேர் தவறவிடுவது இது. கதவு திறந்திருந்து, ஒயின் விற்பனைப் பலகையும் இருந்தால் தாராளமாக உள்ளே போகலாம். மூடியிருந்தால் தட்டாதீர்கள், மக்கள் குடியிருக்கும் வீடுகள். உள்ளே யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை 'போன்ழூர்' (வணக்கம்). அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் சுருங்கிவிடும். லீப்ரிக் வீட்டு முற்றத்தில் கைப்பிடி வைத்த மரத் தாழ்வாரங்கள், 1603-ஆம் ஆண்டுக் கிணறு, ஆள் உயரத்தைத் தாண்டும் பழைய திராட்சை பிழியும் பொறி. பத்து நிமிடம் உட்காருங்கள்.

படி 6: சாப்பாடு

பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் பல சமையலறைகள் மூடிவிடும். பீட்சா போன்ற மெல்லிய ஆல்சாஸ் ரொட்டியான தார்த் ஃப்ளாம்பேயில் வெங்காயம், பாலேட்டோடு பன்றி இறைச்சித் துண்டுகளும் வரும். சைவர்கள் 'சான் லார்தோன்' (பன்றி இறைச்சித் துண்டு இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

படி 7: தோட்டத்துக்கு ஏறுங்கள்

மதிலுக்கு வடக்கே ஷோனன்பூர் சரிவு, ரீஸ்லிங் திராட்சைக்குப் பேர்போனது. பாதி ஏறினாலே போதும்; கூரைகளும் டோல்டரும் மதிலும் ஒரே பார்வையில் விழும். கொடிகளைத் தொடாதீர்கள், பழம் பறிக்காதீர்கள். தெம்பு இருந்தால் தோட்டப் பாதை வழியே பக்கத்து ஊர் உனாவிர் வரை நடக்கலாம், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே மதில் சூழ்ந்த தேவாலயம் இருக்கிறது.

நான் அங்கே உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்து பேருந்தை விட்டுவிட்டேன். டாக்ஸிக்குக் கொடுத்த காசில் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கலாம். காலையில் இறங்கியதுமே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.