வீட்டு மாநிலமா, வெளி மாநிலமா: எங்கள் சாப்பாட்டு மேசைக் கணக்கு

போன ஏப்ரலில், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரில் எங்கள் வீட்டில், மேசை மேல் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள். ஒன்று எங்கள் மாநிலத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம், மற்றது வெளி மாநிலக் கல்லூரி. “வெளி மாநிலத்துல ஸ்காலர்ஷிப் தர்றாங்கம்மா!” என்று பெண் குதித்தாள். அந்தத் தொகையில் மயங்காதீர்கள். கழித்தபின் நம் கையிலிருந்து போவது எவ்வளவு? விடுதி, சாப்பாடு, காப்பீடு, டிசம்பர் விமான டிக்கெட் எல்லாம் கூட்டி நாலால் பெருக்குங்கள். எந்த ஜி.பி.ஏ.வுக்கு (மதிப்பெண் சராசரிக்கு) கீழே போனால் உதவித்தொகை நிற்கும் என்றும் கேளுங்கள்.

“ஒரு வருஷம் அங்கே இருந்தா உள்ளூர்க் கட்டணம்தான்”, அதாவது அந்த மாநிலத்தவர் கட்டும் குறைந்த கட்டணம்தான், என்று கோயிலில் யாராவது சொல்வார்கள். பெற்றோர் இங்கே, பிள்ளை படிக்க அங்கே என்றால் பெரும்பாலும் நடக்காது. மேற்கு மாநிலக்காரர்கள் டபிள்யூ.யூ.ஈ. (வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்) என்ற கட்டணச் சலுகைத் திட்டத்தைப் பாருங்கள்: உள்ளூர்க் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். ஆனால் எல்லாக் கல்லூரியிலும், எல்லாத் துறையிலும் அது கிடைத்துவிடாது.

எங்களுக்கு முடிச்சு வேறு. வாஷிங்டனில் கம்ப்யூட்டர் சயின்ஸில் நேரடியாக இடம் கிடைக்கவில்லை. சேர்ந்தபின் அதற்கு மாறுவது குதிரைக்கொம்பு. வெளி மாநிலத்தில் அதே துறை கையில் இருந்தது. வருஷத்துக்கு ஒன்பதாயிரம் டாலர் கூடுதல். என் வீட்டுக்காரர் முனகினார். மே 1 ராத்திரி பதினொன்றரைக்கு வெளி மாநிலத்துக்கே டெபாசிட் கட்டினோம்.