ஃபார்மேட் ஆக மறுக்கும் மெமரி கார்டு: எங்கிருந்து பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்

போன வாரம் அப்பா தன் போனில் இருந்த 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றிக் கொடுத்தார். புதிதாக எடுக்கும் படம் எதுவும் சேமிக்கவில்லை, பழையதை அழித்தாலும் போகவில்லை. கணினியில் போட்டு ஃபார்மேட் கொடுத்தால், முடிக்க இயலவில்லை என்று ஒரே வரியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் மாலை முழுக்க இதோடு போராடினேன். நீங்களும் அப்படி நேரத்தைத் தொலைக்க வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் படங்களை எடுத்து வையுங்கள். ஃபார்மேட் ஆகாத கார்டுகளில் பல, படிப்பதற்கு மட்டும் ஒத்துழைக்கும், அது எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. கோப்புகளே தெரியவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விடுங்கள். மீட்கும் படங்களைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் கூடாது.

அடுத்தது அடாப்டர், அதாவது மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகிக் கணினியில் போடும் பெரிய உறை. அதன் ஓரத்தில் லாக் என்று எழுதிய குட்டி நகர்த்தி இருக்கும். அது வெறும் பிளாஸ்டிக்தான், கார்டோடு அதற்கு மின் இணைப்பு எதுவும் கிடையாது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கார்டு ரீடர்தான் தொட்டுப் பார்க்கிறது. பழைய அடாப்டரில் இது தளர்ந்துபோய், உள்ளே செருகும்போதே லாக் பக்கம் நழுவிவிடும். தங்க நிறத் தகடுகள் இருக்கும் முனையை நோக்கித் தள்ளி வைத்துச் செருகுங்கள். அப்படியும் நழுவினால் வேறு அடாப்டர், முடிந்தால் வேறு கார்டு ரீடர். ரொம்பப் பழைய ரீடர்கள் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளோடு தகராறு செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் டிஸ்க்பார்ட் (diskpart), விண்டோஸிலேயே இருக்கும் வட்டு மேலாண்மைக் கருவி. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டுங்கள். பிறகு வட்டுகளின் பட்டியலைக் காட்டும் 'லிஸ்ட் டிஸ்க்' (list disk). இங்கேதான் பதறாமல் பார்க்க வேண்டும், தவறான எண்ணைக் கொடுத்தால் கணினியின் ஹார்ட் டிஸ்க்கே காலியாகிவிடும். கார்டு இல்லாமல் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை என்று இரண்டு தடவை பட்டியலைப் பாருங்கள், புதிதாக வந்ததுதான் உங்கள் கார்டு. 32 ஜிபி கார்டு 29 ஜிபி என்று காட்டும், அது இயல்பு. எண் 2 என்றால் 'செலக்ட் டிஸ்க் 2' (select disk 2), அடுத்து எழுதத் தடையை நீக்கும் 'ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' (attributes disk clear readonly), கடைசியில் கார்டைக் காலியாக்கும் 'கிளீன்' (clean). அதற்குமேல் பார்ட்டிஷன் உருவாக்குவதையும் அங்கேயே செய்யலாம்தான், ஆனால் நான் எஸ்டி கார்டுகளின் தரத்தை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி கார்டு ஃபார்மேட்டரையே பரிந்துரைப்பேன். விண்டோஸின் ஃபார்மேட்டைவிட அது எனக்கு நம்பிக்கையானது, 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட் என்று கோப்பு அமைப்பை எஸ்டி தரத்துக்கு ஏற்றபடி தானே அமைத்துவிடும்.

இனி, நான் சிக்கிய இடம். என் விஷயத்தில் 'கிளீன்' வெற்றி என்றே பதில் வந்தது. கார்டைக் கழற்றி மறுபடி செருகினேன், அழித்த படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன! கட்டளையில்தான் ஏதோ பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன், வேறு கணினியில் செய்தேன், லினக்ஸிலும் செய்தேன். பிழை கட்டளையில் இல்லை. மெமரி கார்டுக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கிறது. நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்துபோனால் அது எழுதும் வழியை அடைத்துவிடும், இருப்பதைப் படிக்க மட்டும் விடும். சில கார்டுகள் எழுத முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லும், சில கார்டுகள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு எதையும் எழுதாது. அப்பாவின் கார்டு இரண்டாவது வகை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சின்னக் கோப்பு ஒன்றைக் கார்டில் போடுங்கள், முறையாக எஜெக்ட் செய்து கழற்றுங்கள், மறுபடி செருகிப் பாருங்கள். போட்ட கோப்பு காணவில்லை என்றால் கார்டின் ஆயுள் முடிந்தது. டிஸ்க்பார்ட்டில் 'ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க்' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், கிளியர் செய்த பிறகும் கரன்ட் ரீட்ஒன்லி ஸ்டேட் (படிக்க மட்டும் என்ற நிலை) 'எஸ்' (Yes) என்றே நின்றால், லாக் நகர்த்தியும் சரியாக இருந்தால், அதற்கும் இதே அர்த்தம்தான். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது, சரிசெய்கிறேன் என்று காசு கேட்கும் மென்பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள். இன்னொன்று, இந்தக் கார்டில் உள்ள குடும்பப் படங்களை உங்களால் அழிக்க முடியாது, ஆனால் கையில் கிடைப்பவர் எவரும் பார்க்கலாம். வாரண்டிக்குக் கொடுப்பதற்கு முன் இதை யோசியுங்கள். நான் துணியில் சுற்றிக் குறட்டால் உடைத்துவிட்டேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு வேறு மாதிரிச் சிக்கல். அவர் கார்டை ஆண்ட்ராய்டு போனில் 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆகப் பயன்படுத்தியிருக்கிறார். ஆண்ட்ராய்டு 6இல் வந்த வசதி இது. அப்படிச் செய்த கார்டு அந்த ஒரு போனுக்கு மட்டுமே புரியும்படி பூட்டப்பட்டுவிடும், கணினிக்கு ஒன்றும் விளங்காது. கார்டைத் திரும்ப அதே போனில் போட்டு, படங்களை வெளியே நகலெடுத்துவிட்டு, ஸ்டோரேஜ் அமைப்பில் 'போர்ட்டபிள்' ஆக ஃபார்மேட் செய்யுங்கள். போனே கையில் இல்லை என்றால் மேலே சொன்ன 'கிளீன்' கார்டை மீட்டுத் தரும், ஆனால் அதிலிருந்த படங்கள் கிடைக்காது.